காதில் ரத்தமும் தலைவலியும்: சுமதிக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள சுமதிக்கு,

காலையில் போனில் "இன்னைக்கே உன் மாமியாரைக் காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று நீ கேட்பதற்குள் குட்டி அழ ஆரம்பித்துவிட்டான். சாயங்காலம் கிளம்புமுன் படித்துவிடு என்றுதான் இதை வாட்ஸ்அப்பில் அடித்து அனுப்புகிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

அத்தைக்குத் தலைவலி கடுமையாக இருக்கிறது, தலையணை உறையில் காதிலிருந்து வந்த ரத்தக்கறை என்றாய். அந்த உறையை இப்போதே துவைத்துவிடாதே. வெறும் சிவப்பா, ஓரத்தில் மஞ்சள் படிந்திருக்கிறதா, வாடை அடிக்கிறதா என்று பார்த்து வை. டாக்டர் கேட்பார். ரத்தம் மட்டும் வந்திருந்தால் நான் இவ்வளவு அவசரப்பட்டிருக்க மாட்டேன். காதுக்குழாயின் தோல் ரொம்ப மெல்லியது. பட்ஸ், ஹேர்பின், நகம் எது கீறினாலும் நாலு சொட்டு வரும், தானாக நிற்கும். அதற்கெல்லாம் தலை பிளக்கிற மாதிரி வலிக்காது. ரத்தமும் கடுமையான தலைவலியும் சேர்ந்து வந்தால்தான், காதில் தொடங்கியது எலும்புக்குப் போய்விட்டதா, அதையும் தாண்டிவிட்டதா என்று பார்த்தே ஆக வேண்டும். நடுக்காதுக்கும் மூளைக்கும் இடையில் இருக்கும் எலும்பு சில இடங்களில் முட்டை ஓடு கனம்தான்.

அத்தை விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அவருடைய சர்க்கரை. வயதானவர், பல வருஷமாகச் சர்க்கரை, இரவில் தூங்கவிடாத காதுவலி, மெல்லும்போது தாடைப் பக்கம் இழுக்கிறது, இப்போது ரத்தம் கலந்த நீர். நீ சொன்ன இத்தனையும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன. காதுக்குழாயில் சூடோமோனாஸ் என்ற கிருமி பிடித்து, தோலோடு நிற்காமல் மண்டையோட்டின் அடி எலும்புக்குள் இறங்கிவிடும். சர்க்கரை ரத்தக்குழாய்களையும் எதிர்ப்புச் சக்தியையும் கெடுத்து வைத்திருப்பதால் உடம்பால் அதைத் தடுக்க முடிவதில்லை. வெளியே பார்த்தால் காது பெரிதாக வீங்கியிருக்காது. காய்ச்சல்கூட இல்லாமல் இருக்கும். வலி மட்டும் பார்க்கிற புண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்கு இருக்கும். நான் நர்ஸாக வேலை பார்த்த வார்டில் இப்படிப்பட்ட நோயாளிகள் ராத்திரி முழுக்கக் கட்டிலில் உட்கார்ந்தபடி தலையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களில் பலர் வீட்டில் வாரக்கணக்கில் சொட்டு மருந்தும் தலைவலி மாத்திரையுமாக ஓட்டிவிட்டு வந்தவர்கள்.

டாக்டர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, குழாயின் நடுவில் சிவப்பாகச் சதை வளர்ந்திருக்கிறதா என்று தேடுவார். தொட்டாலே ரத்தம் வருவது அந்தச் சதையில்தான். அதில் ஒரு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினால் பயந்துவிடாதீர்கள். அந்த இடத்தில் புற்றும் அபூர்வமாக வருவதுண்டு, அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளத்தான் எடுப்பார்கள். எந்தக் கிருமி என்று தெரியச் சீழைக் கல்ச்சருக்கு அனுப்புவார்கள், உடம்பில் தொற்றோ அழற்சியோ இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர். ரத்தப் பரிசோதனை பார்ப்பார்கள், சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எழுதலாம். நான் நினைக்கிற நோயாக இருந்தால் மருந்து ஒரு வாரக் கதை இல்லை. பெரும்பாலும் 6 வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வலி குறைந்ததும் "சரியாப் போச்சு" என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குத் திரும்ப வரும். அத்தை அப்படிச் செய்யக்கூடியவர்தான், நீ கண் வைத்துக்கொள். சர்க்கரை கட்டுக்குள் வராமல் எந்த ஆன்டிபயாடிக்கும் தனியாக வேலை செய்யாது.

கிளம்புமுன் ஒரு வேலை. அத்தையைச் சிரிக்கச் சொல், கண்ணை இறுக்கி மூடச் சொல், கன்னத்தை உப்பச் சொல். வாய் ஒரு பக்கம் இழுத்தாலோ ஒரு கண் மூடாமல் நின்றாலோ சாயங்காலம் வரை காத்திருக்காதே, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. முகத்தை அசைக்கிற நரம்பு காது எலும்புக்குள்ளேதான் ஓடுகிறது. விழுங்கக் கஷ்டப்பட்டாலும் குரல் கம்மினாலும் அப்படித்தான். ஆனால் முகக்கோணல் கை கால் பலவீனத்தோடு வந்தால் அது பக்கவாதமாகவும் இருக்கலாம், அதற்கும் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பக்கத்து வீட்டு அக்கா பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடச் சொன்னாராமே. வேண்டாம். ரத்தம் வருகிற காதில் சவ்வு முழுசாக இருக்கிறதா, கிழிந்திருக்கிறதா என்று வெளியிலிருந்து தெரியாது. எண்ணெய், ஹைட்ரஜன் பெராக்சைடு, பழைய பாட்டிலில் மிச்சமிருக்கிற சொட்டு மருந்து எதுவும் கூடாது. தண்ணீர் பீய்ச்சிக் காது கழுவுவதும் சர்க்கரைக்காரர்களுக்கு ஆகாது; அதற்கப்புறமே இந்தத் தொற்று ஆரம்பித்தவர்கள் உண்டு. அப்புறம் அந்த அக்கா சொன்ன "பிரஷர் ஏறி காது வழியா வருது". பிரஷரைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் பிரஷரால் மூக்கில் ரத்தம் வருவதுபோல் காதில் வருவது அபூர்வம். பிரஷர் கூடுதலாக இருந்தது, மாத்திரை போட்டாச்சு என்று அதோடு நின்றுவிடக் கூடாது. அத்தை இதயத்துக்கு ரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா? நீங்களாக நிறுத்த வேண்டாம், அட்டையை மட்டும் கையோடு எடுத்துப்போய்க் காட்டுங்கள். வலிக்கு இப்போதைக்கு பாராசிட்டமால் போதும்.

இத்தனை சொன்னேன், வேறாகவும் இருக்கலாம். நீ சின்னவளாக இருந்தபோது சளி பிடித்தால் காது வலித்து அழுவாய். ராத்திரி சவ்வு கிழிந்து ரத்தமும் சீழுமாக வடியும், அதோடு வலி சட்டென்று அடங்கும், நீ தூங்கிப்போவாய். அந்த வரிசைதான் சரியான வரிசை: வடிந்த பிறகு வலி குறைய வேண்டும். வடிந்த பிறகும் தலைவலி ஏறிக்கொண்டே போனால் விஷயம் வேறு. குட்டிக்கும் சளி அடிக்கடி பிடிக்கிறது, அதனால் இதை நினைவில் வை. காதுக்குப் பின்னால் எலும்பு சிவந்து வீங்கி, காது மடல் முன்னால் தள்ளிக்கொண்டு நின்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதைவிட மோசம், வருஷக்கணக்கில் நாற்றமடித்து வடிகிற காது. வலியே இருக்காது, ஆளும் பழகிப்போயிருப்பார். உள்ளே தோல் உருண்டு வளர்ந்து எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டிருக்கும். எங்கள் வார்டுக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். கூட வந்த மகன் "காது நாலு நாளா வடியல சிஸ்டர், சரியாப் போச்சுன்னு நினைச்சோம், இப்ப தலைவலின்னு துடிக்கிறார்" என்றான். டியூட்டி டாக்டர் அதைக் கேட்டதுமே எழுந்துவிட்டார். வடிவது நின்று தலைவலியும் வாந்தியும் குளிர்காய்ச்சலும் வந்தால், சீழ் வெளியே வர வழியில்லாமல் உள்பக்கம் போயிருக்கலாம். மூளைக் காய்ச்சல், மூளையில் சீழ்க்கட்டி, பெரிய ரத்தக்குழாய் அடைப்பு வரை கொண்டுபோய்விடும். கழுத்து விறைக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா, ஆள் குழம்பிப் பேசுகிறாரா என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

அடிபட்டு வருவது தனி. உன் கொழுந்தன் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டாங்க் மேல் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறான் என்று நீதான் சொன்னாய், அவனுக்காகவே எழுதுகிறேன். தலையில் அடிபட்டுக் காதில் ரத்தம் வந்தால் மண்டையோட்டின் அடியில் எலும்பு முறிந்திருக்கலாம். ரத்தத்தோடு தண்ணீர் மாதிரி வடிந்தால் அது மூளையைச் சுற்றியிருக்கிற நீராக இருக்கலாம். காதுக்குள் பஞ்சை அடைக்கக் கூடாது. வெளிக்கிருமி உள்ளே போக வழியாகிவிடும். சுத்தமான துணியை மேலாக வைத்தால் போதும். கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து, 108-க்குப் போன் போட வேண்டும். எழுந்து நின்று "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்று பேசுகிற ஆளும் சில மணி நேரத்தில் மயங்கி விழுவதுண்டு. காதுக்கு மேலே நெற்றிப்பொட்டுப் பக்கம் எலும்புக்கு அடியில் ஓடுகிற ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் சேரச் சேர மூளை அழுந்தும். அதனால் தலைவலி கூடுகிறது, வாந்தி வருகிறது, தூக்கம் தூக்கமாக வருகிறது என்றால் படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று விடக் கூடாது. காதுக்குப் பின்னால் நீலம் பாரிப்பது ஒருநாள் இரண்டுநாள் கழித்துத்தான் தெரியும், அதுவரை காத்திருப்பதில் அர்த்தமில்லை.

சரி, அத்தையின் சர்க்கரை நோட்டையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒரு கவரில் போட்டுக்கொள். காதில் நாடித்துடிப்பு மாதிரி "டப் டப்" என்று சத்தம் கேட்கிறதா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு போ. அபூர்வமாக ரத்தக்குழாய்க் கட்டியாலும் ரத்தம் வரும், டாக்டருக்கு அந்த ஒரு பதில் உதவும். காது எப்படிக் கேட்கிறது, தலை சுற்றுகிறதா என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவிடு. குட்டியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டுவிட்டுப் போங்கள், எண்ணெய் விஷயத்தை அவரிடம் இதமாகச் சொல். டாக்டர் எழுதிய சீட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. அட்மிஷன் என்றால் ராத்திரி பஸ்ஸிலேயே நான் ஓசூர் வந்துவிடுகிறேன், அத்தைக்குத் துணையாக ஆஸ்பத்திரியில் நான் இருந்துகொள்கிறேன், உனக்கு ஆபீஸ் லீவு பிரச்சினை வேண்டாம்.

அன்புடன்,
அம்மா