பச்சைக் கறி பாக்கெட் கசிந்தது பற்றிய புகார்: பணம் திரும்ப வேண்டும், அந்த வழிமுறைத் தாளும் மாற வேண்டும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். பத்து மாதமாக என் நாய்க்கு உங்களிடம்தான் பச்சைக் கறி வாங்குகிறேன். செல்லி என்று பெயர், நாட்டு நாய், 14 கிலோ எடை. இதுவரை ஒரு புகாரும் எழுதியதில்லை. மே 14 அன்று வந்த 12 கிலோ ஆர்டருக்காகத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னபோது உங்கள் ஆள் "ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்" என்றார், அப்புறம் 10 சதவீதம் தள்ளுபடிக் கூப்பன் ஒன்றை அனுப்பினார். கூப்பன் வேண்டாம். ஃப்ரீசரில் வைத்தால் சரியாகாது. ஏன் சரியாகாது என்று உங்கள் பேக்கிங் பிரிவில் இருப்பவர்களுக்குப் புரியும்படி எழுதுகிறேன், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

காலை 10 மணிக்குள் வரும் என்று சொன்ன பெட்டி பிற்பகல் 3.40க்கு வந்தது. சென்னை, மே மாதம், வண்டியில் ஏசி இல்லை, சாதாரண டெலிவரி பையனின் பைக். தெர்மாகோல் பெட்டிக்குள் 12 கிலோ கறிக்கு இரண்டே இரண்டு ஜெல் பேக், இரண்டும் தண்ணீராகிக் குலுங்கிக்கொண்டிருந்தன. அடியில் இருந்த எட்டு பாக்கெட் கல் மாதிரி இருந்தன, அதில் குறை சொல்ல மாட்டேன். மேல் வரிசையில் இருந்த நான்கை விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. என்னிடம் ஒரு சின்ன தெர்மாமீட்டர் இருக்கிறது, இரண்டு பாக்கெட்டுக்கு நடுவில் செருகிப் பார்த்தேன், 9 டிகிரி காட்டியது. படம் இணைத்திருக்கிறேன். உள்ளே ஐஸ் துகள் மிச்சமிருந்து, கையில் பிடித்தால் சில்லென்று 4 டிகிரிக்குள் இருந்தால் திரும்ப உறைய வைப்பதில் பெரிய ஆபத்து இல்லை, தரம் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். இது அப்படி இல்லை. எத்தனை மணி நேரம் அந்த நிலையில் இருந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உறைய வைத்தால் கிருமி சாகாது, வளராமல் நிற்கும், அவ்வளவுதான். திரும்ப இளகும்போது நின்ற இடத்திலிருந்து தொடரும். அதனால்தான் "ஃப்ரீசரில் வைத்தால் சரியாகிவிடும்" என்ற பதிலை உங்கள் ஆட்கள் இனிமேல் யாருக்கும் சொல்லக் கூடாது என்கிறேன்.

இது முதல் பாதி. இதையாவது வெயில், போக்குவரத்து என்று ஓரளவு ஒத்துக்கொள்வேன். இரண்டாவது முழுக்க முழுக்க உங்கள் பேக்கிங்கால் வந்தது.

மே 15 இரவு, நன்றாக இருந்த எட்டில் ஒன்றை மறுநாளுக்காக ஃப்ரீசரிலிருந்து எடுத்து பிரிட்ஜில் வைத்தேன். நீங்கள் தரும் வழிமுறைத் தாளில் "முந்தைய இரவே பிரிட்ஜில் வைக்கவும்" என்று இருக்கிறது, எந்தத் தட்டில், எதன் மேல் என்று ஒரு வார்த்தை இல்லை. நடுத்தட்டில் வைத்தேன். அடித்தட்டில் ஒரு தாம்பாளத்துக்குள் வைத்திருக்க வேண்டும், அது என் தவறு, மறுக்கவில்லை. காலையில் அம்மா பிரிட்ஜைத் திறந்தபோது கவுச்சி வாடை. நடுத்தட்டிலிருந்து ரத்தத் தண்ணீர் சொட்டி, கீழே இருந்த தயிர்ப் பாத்திரத்தின் மூடி மேல் தேங்கி, அங்கிருந்து வழிந்து கொத்தமல்லிக் கட்டு வரை போயிருந்தது. அன்று நல்லவேளையாக யாரும் அதற்கு முன் பிரிட்ஜைத் திறந்து எதையும் எடுக்கவில்லை. இட்லி மாவிலேயே பட்டிருந்தால்கூட அது ஆவியில் வேகும். தயிரும் கொத்தமல்லியும் அப்படியே வாய்க்குப் போகிறவை. அம்மாவுக்கு 71 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. அக்கா பிரசவத்துக்காக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள், எட்டாம் மாதம். லிஸ்டீரியா என்ற கிருமி பிரிட்ஜின் குளிரிலும் மெல்ல வளரக்கூடியது, கர்ப்பிணிகளையும் வயதானவர்களையும்தான் அது அதிகம் தாக்கும், கருவையே பாதிக்கும். பச்சைக் கறியில் வரும் சால்மோனெல்லா கிருமி பற்றி நீங்கள் கேள்விப்படாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2010 முதல் 2012 வரை செல்லப் பிராணி உணவுகளைச் சோதித்தபோது 196 பச்சை உணவு மாதிரிகளில் 15இல் சால்மோனெல்லாவும் 32இல் லிஸ்டீரியா மோனோசைட்டோஜீன்ஸும் இருந்தன. இதெல்லாம் தெரிந்துதான் நான் பச்சைக் கறி கொடுக்கிறேன். எங்கள் கால்நடை மருத்துவர் வேகவைத்துக் கொடுக்கச் சொன்னார், அவருடன் பேசி, சுத்தத்தில் ஒரு இம்மியும் விடமாட்டேன் என்று சொல்லித்தான் இதைத் தொடர்கிறேன். ஒவ்வொரு பாக்கெட்டிலும் கிருமி இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் கையில் எடுக்கிறேன். பேக் செய்கிற நீங்களும் அப்படி நினைத்துத்தான் பேக் செய்ய வேண்டும்.

தயிர், கொத்தமல்லி, அந்த ஒரு கிலோ கறி எல்லாவற்றையும் கொட்டினேன். பிரிட்ஜ் தட்டுகளை எல்லாம் கழற்றி முதலில் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டுத் தேய்த்து, பிறகு ப்ளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்தோம். சோப்பு போடாமல் நேராக ப்ளீச் ஊற்றினால் கொழுப்புப் படிவத்துக்கு அடியில் அது வேலை செய்யாது. இரண்டரை மணி நேரம் ஆனது. அன்று வெள்ளிக்கிழமை, அம்மா கவுச்சி தொடாத நாள். அந்த நாளில் அவரை அந்தத் தட்டுகளைத் தேய்க்க வைத்தது எனக்கு இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

அப்புறம்தான் கவரை விளக்கு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்டை. எதனால் என்று கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை, கோழி இறக்கையின் நுனி எலும்பு சரியாக அந்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. கழுத்தும் இறக்கையும் போட்ட பாக்கெட்டில் காற்றை முழுதாக உறிஞ்சி எடுத்தால் கவர் எலும்போடு ஒட்டி இறுகும், உறைந்தபின் அந்த எலும்பு முனை ஆணி மாதிரி ஆகிவிடும், பெட்டிக்குள் ஒன்றோடொன்று உரசும்போது மெல்லிய கவர் தாங்குமா? மிச்சம் இருந்த ஏழையும் எடுத்துப் பார்த்தேன். இன்னும் இரண்டில் காற்று புகுந்து கவர் தளர்ந்திருந்தது, கறியின் ஓரம் வெளுத்து உலர்ந்திருந்தது. எலும்பில்லாமல் அரைத்த கறி, ஈரல் போட்ட பாக்கெட் ஒன்றுகூட ஓட்டையாகவில்லை. ஆக உங்கள் கவர் அரைத்த கறிக்கு ஏற்றது, எலும்புக்கு ஏற்றதல்ல. எலும்புத் துண்டுகளுக்கு இன்னும் தடிமனான கவர் வேண்டும், அல்லது உள்ளே ஒரு தடித்த பட்டர் பேப்பராவது சுற்ற வேண்டும், அல்லது அவற்றை மூடி போட்ட டப்பாவில் கொடுங்கள், டப்பாவைத் திருப்பித் தரச் சொன்னால் நான் கழுவித் தரத் தயார்.

இப்போது அந்த வழிமுறைத் தாள். பெட்டியைவிட, கவரைவிட, எனக்கு இதில்தான் அதிகக் கோபம். ஏனென்றால் பெட்டி கெட்டால் ஒரு வீட்டுக்குத்தான் பிரச்சினை, தாள் தப்பாக இருந்தால் அதை நம்பும் அத்தனை வீட்டுக்கும் பிரச்சினை.

"அவசரமென்றால் சமையல் மேடையில் 4 மணி நேரம் வெளியே வைக்கவும்" என்று போட்டிருக்கிறீர்கள். குளிர் நாட்டு வீடுகளுக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதே என்றுதான் சொல்வார்கள், 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். மே மாதம் எங்கள் சமையலறையில் மதியம் 35 டிகிரி. ஒரு கிலோ கட்டி உள்ளே ஐஸாக இருக்கும்போதே வெளிப்பக்கம் சூடேறிவிடும், நல்ல சூட்டில் இந்தக் கிருமிகள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அவசரமென்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் போட்டு அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றச் சொல்லுங்கள், அதுவும் ஓட்டை இல்லாத கவராக இருந்தால்தான்.

அடுத்து, "உருகிய கறியை 5 நாள் வரை பிரிட்ஜில் வைக்கலாம்." அரைத்த பச்சைக் கறிக்கும் ஈரலுக்கும் இரண்டு நாளுக்கு மேல் தரவே கூடாது. ஆனால் நீங்கள் விற்பதே ஒரு கிலோ பாக்கெட். செல்லி மாதிரி 14 கிலோ நாய்க்கு உடல் எடையில் இரண்டரை சதவீதம் என்று வைத்தால் நாளைக்கு 350 கிராம், காலையில் 175, மாலையில் 175. ஒரு பாக்கெட் மூன்று நாள் ஓடும். சின்ன பாக்கெட் போட மனமில்லாமல் நாள் கணக்கை நீட்டிவிட்டீர்களோ என்று சந்தேகப்படுகிறேன், தப்பென்றால் சொல்லுங்கள்.

மின்வெட்டு பற்றி ஒரு வரிகூட இல்லை. எங்கள் பகுதியில் பராமரிப்பு நாள் என்றால் காலை 9 முதல் 2 வரை மின்சாரம் இருக்காது. நிரம்பிய ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் தாங்கும், பாதி நிரம்பியிருந்தால் 24 மணி நேரம். இடம் காலியாக இருந்தால் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி உறைய வைத்து அடுக்கிவிடலாம். இந்தச் சின்ன விஷயத்தைத் தாளில் போட்டால் எத்தனை பேர் மின்வெட்டுக்குப் பயந்து கதவைத் திறந்து திறந்து பார்க்காமல் இருப்பார்கள்!

நான் வீட்டில் என்ன செய்கிறேன் என்றும் சொல்கிறேன், குறை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முன்பு கறிக்கடையில் நேராக வாங்கியபோது 350 கிராமாக எடை போட்டு ஜிப்லாக் கவரில் போட்டுத் தட்டையாக அழுத்தி, ஒரு எவர்சில்வர் தட்டில் படுக்கவைத்து உறைய வைப்பேன். உறைந்தபின் நோட்டுப் புத்தகம் மாதிரி நிற்கவைத்து அடுக்கலாம். விரல் தடிமன்தான் இருக்கும் என்பதால் சீக்கிரம் உறையும், சீக்கிரம் இளகும். கவரை வாய் வரை நிரப்பக் கூடாது, தண்ணீர் ஐஸாகும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், இடமில்லாவிட்டால் ஓரம் பிளக்கும். கறியைப் போடுவதற்கு முன்பே, காய்ந்த கவரின் மேல் ஓ.எச்.பி. மார்க்கரால் தேதியும் என்ன கறி என்பதும் எழுதிவிடுவேன், ஈரமான பின் எழுதினால் ஒட்டாது. பழையது முன்னால், புதியது பின்னால். மைனஸ் 18 டிகிரியில் வைத்தாலும் அரைத்த கறியை மூன்று நான்கு மாதத்துக்கு மேல் வைப்பதில்லை, கொழுப்பு காறல் வாடை அடிக்க ஆரம்பிக்கும், செல்லி முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். மாதத்தில் ஒரு ஞாயிறு முழுக்க இந்த வேலைக்கே போனது. அந்த ஞாயிறை மிச்சப்படுத்தத்தான் உங்களிடம் கிலோவுக்கு 390 ரூபாய் கொடுக்கிறேன். இப்போது உங்கள் பாக்கெட்டையும் நானே பிரித்து, வெட்டி, திரும்பக் கட்ட வேண்டியிருக்கிறது என்றால் நான் எதற்குப் பணம் கொடுக்கிறேன்?

தேதி என்றதும் நினைவுக்கு வருகிறது. பேக் செய்த மாதமும் வருடமும் வெளிப்பெட்டியில் மட்டும்தான் இருக்கிறது, பாக்கெட்டில் இல்லை. ஒரு மாதம் கழித்து ஃப்ரீசரில் பழைய ஆர்டரும் புது ஆர்டரும் கலந்துவிட்டால் எது எது என்று எப்படித் தெரியும்? சட்டமுறை எடையளவு (பொதியப்பட்ட பொருட்கள்) விதிகள், 2011 என்ன சொல்கிறது என்று உங்கள் ஆட்களைப் படிக்கச் சொல்லுங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, மாதம், வருடம், விலை, புகார் சொல்ல வேண்டிய எண் எல்லாம் பொட்டலத்தின் மேலேயே இருக்க வேண்டும்.

செல்லிக்கு மே 17, 18 இரண்டு நாள் வயிற்றுப்போக்கு இருந்தது. உங்கள் கறிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, அதனால் அதைப் புகாரில் சேர்க்கவில்லை, மருத்துவச் செலவும் கேட்கவில்லை. இப்போது நன்றாக இருக்கிறாள்.

நான் கேட்பது இதுதான். இளகி வந்த நான்கு, கசிந்த ஒன்று, காற்று புகுந்த இரண்டு, ஆக ஏழு பாக்கெட்டுக்கு 2,730 ரூபாயை நான் பணம் செலுத்திய கணக்குக்கே திருப்பி அனுப்புங்கள். அந்தத் தாளை இனி யாருக்கும் தராதீர்கள், ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு அந்த 4 மணி நேரம், 5 நாள் இரண்டு வரிகளும் தவறு என்று குறுஞ்செய்தி அனுப்புங்கள். பணத்தைவிட எனக்கு இது முக்கியம். என் அக்கா மாதிரி இன்னொரு வீட்டில் ஒருத்தி இருப்பாள், அவளுக்கு நாய்க் கறி எந்தத் தட்டில் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் இருக்கும். 350, 500 கிராம் தட்டை பாக்கெட்டும் தடித்த கவரும் வர நாளாகும் என்று புரிகிறது, எப்போது வரும் என்று மட்டும் எழுதிச் சொல்லுங்கள். கோடையில் ஜெல் பேக் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், காலை 10 மணிக்குள் தர முடியாத நாளில் அனுப்பவே அனுப்பாதீர்கள், மறுநாள் வந்தால் நான் காத்திருப்பேன்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பதிவு செய்வேன், அதன் பிறகு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன்படி மாவட்ட ஆணையத்துக்கும் போவேன். ஜூன் ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறேன், ரத்து செய்யவில்லை. அடுத்த வாரம் வரை நன்றாக இருந்த ஐந்து பாக்கெட் இருக்கிறது, அதற்குப் பிறகு பழையபடி கறிக்கடைதான்.

இளகிய நான்கையும் காற்று புகுந்த இரண்டையும் தனி டப்பாவில் போட்டு, "கொடுக்கக் கூடாது" என்று எழுதி ஃப்ரீசரின் அடியில் வைத்திருக்கிறேன். ஆய்வுக்கு வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். வருவதற்கு முன் போன் செய்யச் சொல்லுங்கள், மதியம் 2 முதல் 4 வரை அம்மாவும் அக்காவும் தூங்குவார்கள், மணி அடித்தால் செல்லி குரைப்பாள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்