வேர் விடாத நல்லமிளகுக் கொடி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆனிச் சாரல் பிடித்துவிட்டால் நம்ம குமரி நர்சரிகளில் நல்லமிளகுக் கொடிக்கு ஒரே அடிபிடி. போன வருஷம் நானும் ஒரு நர்சரியில் (பேர் வேண்டாம்) 40 கவர் வாங்கி, விளையில் தென்னை மூட்டிலும் கமுகு மூட்டிலுமாக நட்டேன். எல்லாவற்றிலும் மூன்று நான்கு தளிர், பளபளவென்று பார்க்கவே ஆசையாக இருந்தது. இடையில் நான்கு நாள் மழை விட்டது, காற்று மட்டும் நிற்கவில்லை, பத்தே நாளில் 28 கொடி தொங்கிப்போனது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினேன், அது வேறு தப்பு. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் அடிக்கணு கறுத்துக் கொழகொழவென்று இருக்கிறது, வேர் என்று நூல் மாதிரி இரண்டே இரண்டு.

தண்டுக்குள் இருக்கும் சத்தை வைத்தே கொடி துளிர்த்துவிடும், வேர் வந்திருக்க வேண்டும் என்றில்லை. இது எனக்கு அப்புறம்தான் விளங்கியது. சரி, வேர் விட்டிருந்தாலும், பிளாஸ்டிக் கூடாரத்துப் புழுக்கத்தில் விரிந்த இலைக்கு மெழுகுப் பூச்சு மெலிசு, இலைத்துளைகளும் சட்டென்று மூடாது. அதை நேராக வெயிலிலும் ஆடிக் காற்றிலும் கொண்டுபோய் வைத்தால், வேர் இழுக்கிற ஈரத்தைவிட இலை விடுகிற ஈரம்தான் கூடுதல்.

இந்த வருஷம் வீட்டுக் கொடியிலேயே வெட்டினேன். மூட்டிலிருந்து தரையில் ஓடும் கொடிகளை, மண்ணில் வேர் பிடிக்காதபடி கம்பில் சுற்றி வைத்திருந்து, மாசியில் மூன்று கணுத் துண்டாக நறுக்கி, காம்பை விட்டு இலையைக் கிள்ளிவிட்டு, ஒரு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி, பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி நிழலில் வைத்தேன். ஒரு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன், கையோடு வரவில்லை. அப்போதும் வெளியே எடுக்கவில்லை. முதல் நாள் சாயங்காலம் அரை மணி நேரம், மறுநாள் ஒரு மணி நேரம் என்று தாளைத் திறந்து திறந்து, இரண்டு வாரத்தில்தான் முழுக்க எடுத்தேன். பிள்ளைகளைக்கூட இப்படிப் பார்க்கவில்லை என்று வீட்டில் கேலி. நட்ட 60 துண்டில் 47 இப்போது மரத்தைப் பிடித்து ஏறுகிறது.

நர்சரிக்காரர்களிடம் கேட்பது இதுதான்: துண்டு ஊன்றிய தேதியைக் கவரில் எழுதுங்கள், கூடாரத்துக்கு வெளியே இரண்டு வாரமாவது நின்றதை மட்டும் விற்பனைக்கு வையுங்கள். பேச்சிப்பாறை தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் மாசி மாதம் இதற்கென்றே ஒரு நாள் பயிற்சி வைத்தால் முதல் ஆளாக வந்து நிற்பேன். அதுவரை, கவரின் அடித் துளையில் வெள்ளை வேர் தெரியாமல் நான் பர்ஸைத் திறப்பதாக இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குலசேகரம்