ஆம்ஸ்ட்ராங்கின் வாய்ப்பாட்டு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த, அமெரிக்க ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் பற்றிய கட்டுரை, அவருடைய டிரம்பெட் வாசிப்பை நன்றாகவே எடுத்துச் சொன்னது. ஆனால் அவர் பாட்டை, 'கரகரத்த குரலில் பாடவும் செய்வார்' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டதில் எனக்குப் பெரிய மனக்குறை. வாசிப்புக்கு நடுவே பொழுதுபோக்காகப் பாடியவர் இல்லை அவர். டிரம்பெட்டில் என்ன செய்தாரோ அதையேதான் தொண்டையிலும் செய்தார்.

1928 ஜூனில் சிகாகோவில் பதிவான 'வெஸ்ட் எண்ட் புளூஸ்' இசைத்தட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் டிரம்பெட் தனியாக முழங்கும் அந்தச் சில விநாடிகளைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். நடுவில் அவர் பாடும் இடம் அதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. கிளாரினெட் என்ற ஊதுகருவி தாழ்ந்த ஸ்தாயியில் ஒரு சின்ன சங்கதி போடுகிறது. அதற்கு ஆம்ஸ்ட்ராங் வார்த்தையே இல்லாமல், 'வா... வா' என்று வெறும் குரலால் பதில் சொல்கிறார். முதலில் கிளாரினெட்டை ஒட்டியே போகிறார். அப்புறம் மெல்ல விலகித் தன் போக்கில் இழைக்கிறார். அங்கே கரகரப்பே கிடையாது, அவ்வளவு மென்மையான குரல். சிறுமியாக இந்தத் தட்டைக் கேட்டு, சொல் இல்லாமலும் பாட முடியுமா என்று வியந்தவர்தான் பின்னாளில் பெரும் பாடகியான பில்லி ஹாலிடே.

1931-இல் பாடிய 'ஸ்டார்டஸ்ட்' இன்னும் துணிச்சலானது. மேலும் கீழும் தாவுகிற மெட்டு அது. இவரோ பல வரிகளை ஏறக்குறைய ஒரே ஸ்வரத்தில் நிறுத்தி, தாளத்துக்குச் சற்றுப் பிந்தியும் முந்தியும் சொற்களை வைக்கிறார். மெட்டைப் பாடகர் தன் இஷ்டத்துக்கு வளைக்கலாம் என்ற தைரியம் அமெரிக்கப் பாடகர் பிங் கிராஸ்பி போன்றவர்களுக்கு இவரிடமிருந்துதான் வந்தது. 1926-இல் 'ஹீபி ஜீபிஸ்' பதிவின்போது பாட்டுத்தாள் கைதவறி விழுந்ததால்தான் வாய்க்கு வந்த ஒலிகளைப் பாடினார் என்ற கதையை நான் நம்புவதில்லை. அந்த ஒலிகள் தாளத்தில் அத்தனை கச்சிதமாக உட்காருகின்றன.

1964-இல், 62 வயதில், 'ஹலோ டாலி' பாடி அமெரிக்கப் பிரபலப் பாடல்கள் பட்டியலில் பீட்டில்ஸ் இசைக்குழுவை முதலிடத்திலிருந்து இறக்கியவரும் இவரே. 1967-இல் வந்த 'வாட் எ வொண்டர்ஃபுல் வேர்ல்ட்' பாட்டில் டிரம்பெட்டே இல்லை. உலகம் முழுக்க இன்று அவரை அறிந்திருப்பது பெரும்பாலும் அந்தப் பாட்டால்தான்.

அவருடைய வாய்ப்பாட்டுக்கென்றே தனிக் கட்டுரை ஒன்று வெளியிடுங்கள். 1956-இல் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுடன் சேர்ந்து பாடிய தொகுப்பைப் பற்றியும் அதில் அவசியம் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சி.