வெள்ளைக் கருவை மட்டும் கேட்கும் சமையல் குறிப்புகளை எழுதுவோருக்கும் வெளியிடுவோருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். மெரிங், மாக்கரோன், ஏஞ்சல் கேக் என்று முட்டையின் வெள்ளைக் கருவை மட்டும் கேட்கும் குறிப்புகளை நீங்கள் தொடர்ந்து வெளியிட்டு வருகிறீர்கள். அவற்றில் பல மிகுந்த அக்கறையோடு எழுதப்பட்டவை. மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பு நுரை எழும்ப விடாது என்பதால் ஒரு துளி மஞ்சளும் கலக்காமல் பிரிக்கச் சொல்கிறீர்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பசை கூடாது என்றும் எச்சரிக்கிறீர்கள். ஆனால் அவ்வளவு கவனத்தோடு பிரித்த மஞ்சள் கருக்கள் ஒரு கிண்ணத்தில் காத்திருக்க, அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் குறிப்பு முடிந்துவிடுகிறது. மீதமாகும் மஞ்சள் கருவை எப்படி வைத்திருப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள் என்று கேட்பதற்காகவே இந்த மடல்.

பெரிய முட்டை ஒன்றின் மஞ்சள் கரு ஏறக்குறைய 17 கிராம் இருக்கும். ஆறு வெள்ளைக் கரு கேட்கும் குறிப்பைச் செய்து முடிக்கும்போது நூறு கிராம் மஞ்சள் கரு கையில் மிஞ்சுகிறது. முட்டையின் கொழுப்பு முழுவதும், புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கும், ஏ, டி, ஈ ஆகிய வைட்டமின்களும், கோலின் என்னும் சத்தில் பெரும்பகுதியும் அதில்தான் இருக்கின்றன. ஒரு மஞ்சள் கருவில் ஏறத்தாழ 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருப்பதால், மருத்துவர் அளவு சொல்லியிருப்பவர்கள் அந்த அளவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் அதற்காக எல்லா வீடுகளிலும் அது கழிவுநீர்த் தொட்டிக்குப் போக வேண்டியதில்லை.

முதலில் வாசகருக்குத் தேவைப்படுவது சேமிக்கும் வழி. திறந்த கிண்ணத்தில் விட்டால் சிறிது நேரத்திலேயே மேலே தோல் படர்ந்து, பிறகு எவ்வளவு அடித்தாலும் கரையாத திப்பிகளாக நிற்கும். உடையாத கருக்களின் மேல் அவை மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த நீரை ஊற்றி, மூடிபோட்டு, குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு நாள் தாங்கும். பயன்படுத்தும்போது நீரை வடித்துவிடலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் ஃப்ரீசர்தான் வழி. ஆனால் மஞ்சள் கருவை அப்படியே உறைய வைத்தால், உருகிய பின்னும் அது பசைபோல் இறுகியே இருக்கும். பழைய இளக்கம் திரும்பாது. நான்கு மஞ்சள் கருவுக்கு அரைக்கால் தேக்கரண்டி உப்போ ஒன்றரைத் தேக்கரண்டி சர்க்கரையோ சேர்த்து, நுரைக்காமல் கலக்கி உறைய வைத்தால் அந்த இறுக்கம் பெரிதும் குறையும். எதைச் சேர்த்தோம், எத்தனை கரு, எந்த நாள் என்பதை டப்பாவின் மேல் எழுதி வைப்பது அவசியம்; சர்க்கரை சேர்த்ததை யாரும் சூப்பில் ஊற்ற விரும்ப மாட்டார்கள்.

பயன்பாடு என்று வரும்போது கஸ்டர்டை நான் முதலில் வைப்பேன். நான்கைந்து கருக்களை ஒரே முறையில் எடுத்துக்கொள்வது அது. அரை லிட்டர் பாலுக்கு நான்கு மஞ்சள் கருவும் 80 கிராம் சர்க்கரையும் போதும். சர்க்கரையைக் கருவின் மேல் கொட்டிவிட்டு வேறு வேலைக்குப் போகக் கூடாது, ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சி ஆங்காங்கே கட்டி தட்டச் செய்துவிடும். கொட்டியவுடன் கலக்க வேண்டும். சூடான பாலைக் கரண்டி கரண்டியாகக் கருவில் விட்டுக் கலக்கி, பிறகு முழுவதையும் அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறு தீயில் அடியும் ஓரமும் தொட்டுக் கிளறிக்கொண்டே இருந்தால், 80 பாகை செல்சியசைத் தாண்டும்போது கலவை கெட்டியாகத் தொடங்கும். கரண்டியின் பின்புறம் படிந்த கலவையில் விரலால் கோடிழுத்து, கோட்டின் இரு கரையும் ஒழுகாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. 85 பாகையைக் கடந்தால் திரிந்துவிடும். ஆகவே பதம் வந்த கணமே இறக்கி, வேறு பாத்திரத்தில் வடிகட்டிவிட வேண்டும். ஐஸ்கிரீமுக்கும் இதே கலவைதான் அடிப்படை.

சோள மாவு சேர்த்த கஸ்டர்டுக்கு விதி நேர் எதிரானது. மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. கொதிக்க விடாமல் இறக்கினால் அந்த நொதி அழியாமல் தங்கி, இரவு கெட்டியாக இருந்த கஸ்டர்டைக் காலையில் நீர்த்துப்போகச் செய்துவிடும். கலவையில் மாவு இருப்பதால் கரு எளிதில் திரியாது. எனவே அதைத் துணிந்து ஒரு நிமிடமாவது கொதிக்க விடலாம். இந்த ஒரு வரியை நீங்கள் எழுதியிருந்தால் எத்தனையோ வீடுகளில் கஸ்டர்ட் வீணாகியிருக்காது.

ஒன்றிரண்டு கருக்களே மிஞ்சினால் வழிகள் இன்னும் எளியவை. இரண்டு மஞ்சள் கருவும் ஒரு மேசைக்கரண்டி நீரும் சேர்ந்தால் எடையில் ஒரு முழு முட்டைக்கு ஈடாகும். பிஸ்கட் மாவிலும் நூடுல்ஸ் மாவிலும் அப்படியே மாற்றலாம், கேக்கில் மட்டும் சற்றுக் குறைவாக எழும்பும். ஒரு கருவில் ஒரு தேக்கரண்டி பால் கலந்து, அடுப்பில் வைக்கும் முன் ரொட்டியின் மேல் தடவினால் நல்ல நிறமும் பளபளப்பும் வரும். மூன்று முட்டை ஆம்லெட்டில் ஒரு கருவைக் கூடுதலாகச் சேர்த்தாலே மென்மை கூடும். மெல்லக் கொதிக்கும் நீரில் கருவை நழுவ விட்டுக் கெட்டியாகும் வரை வேக வைத்து, உதிர்த்து சாலட்டின் மேல் தூவலாம்.

மயோனைஸைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம் தேவை. ஒரே ஒரு மஞ்சள் கரு, அதிலுள்ள லெசித்தின் முதலிய பொருள்களின் வலுவால், ஒரு கோப்பை எண்ணெயையும் பிரியாமல் பிடித்து வைக்கும் என்பது வியப்புக்குரியது. ஆனால் அந்தக் கரு வேகாதது. சால்மொனெல்லா கிருமி இருக்க வாய்ப்புள்ளதால், குழந்தைகளும் கருவுற்றவர்களும் முதியவர்களும் உண்ணும் வீட்டில் பாஸ்டர் முறையில், அதாவது வேகாமல் கிருமி மட்டும் அழியும் அளவுக்கு, சூடாக்கிய முட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். உப்பில் புதைத்துப் பக்குவப்படுத்தும் மஞ்சள் கருவுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இவை அனைத்தையும் ஒவ்வொரு குறிப்பிலும் எழுதுமாறு நான் கேட்கவில்லை. இடம் குறைவு என்பதை அறிவேன். தேவையான பொருள்களின் பட்டியலில் “வெள்ளைக் கரு 6” என்று எழுதும்போது, அதன் அடியிலேயே “மீதமாகும் 6 மஞ்சள் கரு: நீரில் மூழ்க வைத்து மூடினால் குளிர்பதனப் பெட்டியில் இரண்டு நாள், கஸ்டர்டுக்கு ஏற்றது” என்று சேர்த்தால் போதும். செய்முறையின் கடைசியில் எழுதினால் அதைப் படிக்கும்போது கரு காய்ந்திருக்கும். ஆகவே முட்டையை உடைக்கச் சொல்லும் வரிக்கு முன்னால் அது இடம்பெற வேண்டும். ஏற்கெனவே வெளிவந்த குறிப்புகளை மறுபதிப்புச் செய்யும்போதும் இதைச் சேர்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் குறிப்புகளைப் பார்த்துச் சமைக்கும் வாசகர் ஒருவர்