மருந்துக்கு முன் எடுக்கும் ரத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த மாத ரத்தப் பரிசோதனையைத் தேர்வு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம், உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று நேற்று தொலைபேசியில் சொன்னாய். அப்போது உன்னிடம் வாதாட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அதே சொல்லை நம்பி நானும் ஒருமுறை ஏமாறப் பார்த்தேன். உனக்கு அப்போது ஒன்றரை வயது.

பித்தநாளங்கள் சரியாக அமையாமல் பிறந்த உனக்குப் பத்தாவது மாதத்தில் என் கல்லீரலின் இடப்பக்கத் துண்டை எடுத்து வைத்தார்கள். (1998-இல் தில்லியில், இந்தியாவிலேயே முதன்முறையாக வெற்றிகரமாகக் கல்லீரல் மாற்றப்பட்ட குழந்தைக்கும் இதே குறைதான், அது காஞ்சிபுரத்துப் பிள்ளை என்பதையே அன்று நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.) எட்டு மாதம் நல்லபடியாகப் போனது. காதுகுத்துக்கு நாள் குறித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. நீயோ வாசலில் இருந்த செருப்புகளை ஒவ்வொன்றாகத் தெருவில் எறிந்து சிரித்துக்கொண்டிருந்தாய். காய்ச்சல் இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை, மலமும் வெளுக்கவில்லை. வழக்கமாக எடுக்கும் ரத்தத்தில் மட்டும், 30-ஐ ஒட்டியே இருந்த ஜி.ஜி.டி. (கல்லீரலோ பித்தநாளமோ பாதிக்கப்பட்டால் ரத்தத்தில் ஏறும் நொதி) 68 ஆகியிருந்தது; பத்து நாளில் 140. எஸ்.ஜி.பி.டி. என்ற இன்னொரு கல்லீரல் நொதியும் கூடவே ஏறியது. விழா முடிந்து போகலாமே என்று நான் கேட்டதற்கு டாக்டர், "மஞ்சள் தெரியும்வரை காத்திருப்பது தாமதம் அம்மா" என்று மட்டும் சொன்னார்.

எண் ஏறினால் நிராகரிப்புத்தான், அதாவது வைத்த கல்லீரலை உடம்பின் எதிர்ப்புச் சக்தி அந்நியமென்று தாக்குகிறது என்று முடிவுகட்டவும் முடியாது. சி.எம்.வி. போன்ற வைரஸ் தொற்றும், பித்தநாள இணைப்பில் ஏற்படும் அடைப்பும் இதே எண்களை ஏற்றும். தொற்றாக இருக்கும்போது நிராகரிப்பென்று எண்ணி எதிர்ப்புச் சக்தியை மேலும் அடக்கினால் தீங்கே மிஞ்சும். ஆகவே ஸ்கேன் பார்த்துவிட்டு, ஊசியால் கல்லீரலில் நூல் போன்ற ஒரு துணுக்கை எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். பித்தநாளங்களையும் சிறு ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் வெள்ளணுக்கள் சூழ்ந்து அரிக்கத் தொடங்கியிருந்தது நுண்ணோக்கியில் தெரிந்தது. மூன்று நாள் ஸ்டீராய்டு ஏற்றியதும் எண்கள் இறங்கின. உன் முகம் இட்லிபோல் உப்பியிருந்ததால், மூன்று மாதம் தள்ளி நடந்த காதுகுத்துப் படத்தில் உன்னை உனக்கே அடையாளம் தெரிவதில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனெனில் அதில் தவறு என்னுடையது. நம் ஊர் லேப் ஒன்றில் ஒருநாள் ஆள் வரத் தாமதமாக, நேரம் தவறக்கூடாதே என்று காலை மருந்தைக் கொடுத்துவிட்டேன்; பிறகுதான் ரத்தம் எடுத்தார்கள். நிராகரிப்பைத் தடுக்க நீ சாப்பிடும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு ரத்தத்தில் 7-ஐ ஒட்டியே இருக்கும்; அன்று 16 என்று வந்தது. மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்டிராவிட்டால், அந்தப் பொய்க்கணக்கை நம்பி மருந்தைக் குறைத்திருப்பார்கள். குறைந்த மருந்து நிராகரிப்புக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கும். இரவு மருந்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மருந்துக்கு முன்பு எடுக்கும் ரத்தம்தான் உண்மை சொல்லும். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் சில மாத்திரைகள் அந்த அளவை ஏற்றும், காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இறக்கும் என்பதால், விடுதிக்கு வரும் டாக்டர் எது எழுதினாலும் முதலில் நம் டாக்டரிடம் கேள்.

நிராகரிப்பு முதல் சில மாதங்களில்தான் அதிகம் என்பது உண்மையே. ஆனால் வளர்ந்த பிள்ளைகளிடம் அது திரும்பி வரும்போது, பெரும்பாலும் தவறவிட்ட வேளைகளே காரணமாக இருக்கின்றன. சென்ற வாரம் இரண்டு இரவு மருந்தை மறந்ததாக நீயே சொன்னாய். மறைக்காமல் சொன்னதில் எனக்கு நிம்மதி, டாக்டரிடமும் அதைச் சொல்லிவிடு. எண்கள் சரியாக இருக்கும்போதே உள்ளே அழற்சியும் தழும்பும் உருவாகலாம் என்பதால்தான், எந்தக் குறையும் இல்லாத பிள்ளைகளுக்கும் சில மருத்துவமனைகளில் இடையிடையே பயாப்சி எடுக்கிறார்கள். டிசம்பரில் உனக்கும் எடுக்கலாம் என்கிறார் டாக்டர். பயப்படாதே, விடுப்புப் போட்டு நான் வருகிறேன்.

வரும் செவ்வாய்க்கிழமை, தேர்வு பிற்பகலில்தான் என்றாய். காலை எட்டு மணிக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, மருந்தைப் பையிலேயே வைத்திருந்து உடனே போட்டுக்கொள். ரிப்போர்ட்டைப் படமெடுக்கும்போது முழுப் பக்கமும் தெரியும்படி எடு. சென்ற முறை ஜி.ஜி.டி. வரி விளிம்பில் வெட்டுப்பட்டிருந்தது.

அன்புடன்,
அம்மா