மாஸ்க் போட்டிருந்த அந்த டாக்டரம்மாவுக்கு

போன வாரம் எங்கள் நாலு வயசுப் பையனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். சாப்பாடு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் முன்பே நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினோம். ஆனால் காலையில், "பச்சப்புள்ள பட்டினி கிடக்குதே" என்று என் மாமியார் பிஸ்கட் கொடுத்திருக்கிறார். ஒன்றா, நாலா? அவருக்கே நினைவில்லை.

மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. மயக்க மருந்து தரும் நீங்கள் எங்களைத் திட்டவில்லை. ஸ்கேன் மெஷினை உருட்டி வந்து, ஜெல் தடவி, நெஞ்செலும்புக்குக் கீழே வைத்துப் பார்த்தீர்கள். அப்புறம் வலப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்கள். அப்போதுதான் இரைப்பையில் இருப்பது அதன் கீழ்முனைக்கு இறங்குமாம். ஊசியில்லை, வலியில்லை. ஜெல் சில்லென்று இருந்ததில் பையனுக்குச் சிரிப்பு வேறு!

திரையில் மங்கலாக மேகம்போல ஏதோ தெரிந்தது. "பிஸ்கட் இன்னும் உள்ளேதான் இருக்கு, மதியம் பார்ப்போம்" என்றீர்கள். 2 மணிக்கு மறுபடி பார்த்தபோது இரைப்பை சுருங்கிக் காலி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பதற்றத்தில் உங்கள் பேரைக்கூடக் கேட்கவில்லை, டாக்டர். ரொம்ப நன்றி. மாமியாரும் சொல்லச் சொன்னார்.