மார்கழி இருக்கும்போது பஞ்சுப் பனி எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த, பள்ளி விழாக்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். நடுக்குளிர்கால விழா என்பது பனி பொழியும் நாடுகளுக்கே உரியது என்றும், நமக்கு அப்படியொரு பருவமே இல்லாததால் பள்ளிகள் பஞ்சையும் தெர்மாகோலையும் கொண்டாவது அந்த அனுபவத்தைப் பிள்ளைகளுக்கு உண்டாக்கித் தரலாம் என்றும் அதில் ஒரு வரி இருந்தது. எழுதியவர் வெளியூர்க்காரராக இருக்கலாம். ஆனால், அதை நெல்லைப் பதிப்பில் அச்சேற விட்ட தங்களுக்கும் மார்கழி தெரியாது என்று நம்ப என்னால் முடியவில்லை. வருத்தம் கூடியிருப்பதும் அதனால்தான்.

நான் பாளையங்கோட்டையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள். டிசம்பர் 21 அல்லது 22 அன்று, அரையாண்டுத் தேர்வின் பரபரப்புக்கு நடுவிலும், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துச் சென்று, ஒரு மீட்டர் குச்சியை நட்டு அதன் நிழலை அளக்கச் சொல்வேன். நம் ஊரில் அன்று உச்சிப்பொழுது கடிகாரப்படி 12 மணி 17 நிமிட வாக்கில் வரும். நிழல் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் இருக்கும். பொங்கல் விடுமுறை விடுவதற்கு முன்பு அதே குச்சியை நட்டால் 58 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கியிருக்கும். தெற்கே போன சூரியன் திரும்பிவிட்டது என்பதைப் பிள்ளைகள் தங்கள் ஸ்கேலிலேயே பார்த்துவிடுவார்கள். "டீச்சர், அப்போ பொங்கல் இதுக்குத்தானா?" என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருந்ததில்லை.

இதற்குத்தான். சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவதைக் கொண்டாடும் நாள் அது. திரும்புவது டிசம்பரில், பொங்கல் ஜனவரி 14 அல்லது 15இல் என்ற குழப்பத்துக்கும் விடை உண்டு. நம் பஞ்சாங்கம் சூரியனை விண்மீன்களை வைத்துக் கணக்கிடுகிறது. அந்தக் கணக்கின்படியான ஓர் ஆண்டு, பருவங்களின் ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளமானது. எழுபது ஆண்டுகளுக்குச் சற்று மேலானால் ஒரு நாள் விலகும். சுமார் 1700 ஆண்டுகளுக்கு முன்பு சூரியன் திரும்பும் நாளும் தை பிறக்கும் நாளும் ஒன்றாக வந்தன. இன்று 24 நாள் இடைவெளி விழுந்துவிட்டது. சுவீடன் நாட்டுப் பள்ளிகளில் டிசம்பர் 13 அன்று பிள்ளைகள் வெள்ளை அங்கி அணிந்து விளக்கேந்தி லூசியா நாள் கொண்டாடுகிறார்கள். பழைய நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு அதுதான். நாட்காட்டி மாறியதில் அவர்களுக்கும் நாள் விலகியே போயிற்று. அவர்களுக்கு நடுக்குளிர்கால விழா இல்லை என்று தங்கள் கட்டுரையாளர் எழுதமாட்டார். நம் பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை என்று எழுதக் கை வருகிறது.

கிறிஸ்துமஸ் விழாவுக்கு எதிராக நான் எழுதுவதாகத் தயவுசெய்து எண்ண வேண்டாம். எங்கள் பள்ளியில் குடில் அமைக்கும்போது பிள்ளைகள் ஆற்று மணல் கொண்டுவருவார்கள். பத்து நாள் முன்பே கொட்டாங்கச்சியில் கேழ்வரகு விதைத்து, விரல் உயரம் முளைத்த பசும்பயிரை மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி அடுக்குவார்கள். மார்கழியில் இந்த மண்ணில் எது முளைக்குமோ அதைக் கொண்டு செய்த விழா அது. பஞ்சுப் பனி இல்லாததை ஒரு குறையாக எந்தப் பிள்ளையும் சொன்னதில்லை.

என் வீட்டருகே உள்ள ஒரு தனியார் பள்ளியில் சென்ற ஆண்டு நடந்த பொங்கல் விழாவையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாடகை வேட்டிக்கும் பாவாடை தாவணிக்கும் பெற்றோரிடம் பணம் வசூலித்தார்கள். கரும்பு பிளாஸ்டிக். பானையில் அரிசியும் இல்லை, அடியில் நெருப்பும் இல்லை. பால் பொங்கி வழிவதாகக் காட்ட, பானையின் வாயில் பஞ்சைத் திணித்திருந்தார்கள். பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று குலவையிட்டார்கள். அந்தப் படத்தைத்தான் தங்கள் நாளிதழ் பெரிதாக வெளியிட்டு, பாரம்பரியம் மாறாத விழா என்று குறிப்பும் எழுதியது. அப்போதே கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை; காரணமும் தெரிவிக்கப்படவில்லை.

ஆண்டுதோறும் பொங்கலை அறுவடைத் திருநாள் என்று மட்டும் எழுதி முடித்துவிடுகிறீர்கள். தஞ்சைப் பகுதிக்கு அது பொருந்தும். தாமிரபரணிக் கரையில் பிசானப் பருவ நெல் தை பிறக்கும்போது வயலில் நிற்கிறது என்பதை அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கத்துப் பிள்ளைகள் நன்றாக அறிவார்கள். எங்களுக்கு அந்த நாளில் வந்து சேர்வது மஞ்சள் குலையும், பனங்கிழங்கும், மண் வாசம் போகாத சிறுகிழங்கும்தான்.

பிள்ளைகளுக்கென்றே எங்கள் வட்டாரத்தில் இருக்கும் சிறுவீட்டுப் பொங்கலைப் பற்றித் தங்கள் மாணவர் இணைப்பில் ஒரு வரிகூட நான் பார்த்ததில்லை. மார்கழியில் சிறுமிகள் முற்றத்தில் களிமண்ணால் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வீடு கட்டுவார்கள். அடுக்களை வேண்டும், வாசலும் வேண்டும். கோலத்தின் நடுவே சாணி உருண்டையில் செருகிய பூசணிப்பூவை மாலையில் எடுத்து, சாணியோடு சேர்த்துத் தட்டிக் காயவைப்பார்கள். பொங்கல் கழிந்து தையில் ஒரு நல்ல நாள் பார்த்து, அந்தச் சின்ன வீட்டின் முன் பொங்கலிட்டு, காய்ந்த பூ எருவாட்டிகளில் சூடம் ஏற்றி ஆற்றில் மிதக்கவிடுவார்கள். இது விடுமுறை முடிந்து பள்ளி திறந்த பிறகு வருகிறது. மைதானத்தின் ஓரத்தில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து மண் குழைத்துக் கட்ட இடமும் நேரமும் இருக்கிறது. எந்தத் தலைமையாசிரியரிடம் சொன்னாலும், சீருடை அழுக்காகும் என்பதே பதில்.

பருவமே இல்லாத ஊர் என்று எழுதியவருக்கு இன்னொன்றையும் நினைவூட்ட வேண்டும். 2023ஆம் ஆண்டு மார்கழி பிறந்த அன்று, டிசம்பர் 17இல் தொடங்கிய மழை, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, தேர்வு தள்ளிப்போனது. புத்தகப் பையை வெள்ளத்தில் இழந்த பிள்ளைகள், அடுத்து வந்த தையில் சேறு கழுவிய முற்றத்தில் பொங்கலிட்டார்கள். பருவம் என்றால் என்னவென்று அவர்களுக்குப் பஞ்சு வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மார்கழி முதல் தேதி தொடங்கித் தை முடியும்வரை, மாணவர் இணைப்பின் ஓரத்தில் ஒரு சிறு கட்டத்தில், திருநெல்வேலியின் சூரிய உதய, மறைவு நேரங்களை அந்தந்த வாரத்துக்கு வெளியிடுங்கள். டிசம்பர் கடைசியில் பகல் நீளத் தொடங்கிய பிறகும், ஜனவரியின் பிற்பகுதி வரை சூரியன் காலையில் தாமதித்துக்கொண்டே போவதைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் காரணம் கேட்பார்கள். ஆசிரியர்கள் பதில் சொல்லியாக வேண்டிவரும். ராசிபலனுக்கு ஒதுக்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
பாளையங்கோட்டை.